கேரி துப்பாக்கியும் தோட்டாவும்: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. கிரீன் கார்டு வந்த பிறகு வகுப்புக்குப் போய், துப்பாக்கி எடுத்துச்செல்வதற்கான பெர்மிட் வாங்கி, சட்டைக்கு அடியில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். இதைத்தான் 'கேரி' என்கிறார்கள். விஷயம் நண்பர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பிறந்தநாள் விருந்திலும் பேட்மிண்டன் கோர்ட்டிலும் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கிறார். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட பதில்களை உங்கள் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"நான் ஹெச்-1பில இருக்கேன். கன் வாங்கலாமா?"

பொதுவாக முடியாது. குடியேற்றம் அல்லாத விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998 முதல் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே இதில் அடங்கும். மாநிலச் சட்டம் தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும். "வைத்திருப்பது" என்ற சொல்லையும் அகலமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) நண்பரின் துப்பாக்கியை வாங்கி நான்கு முறை சுட்டுப் பார்ப்பதும் அதற்குள் வரும். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நாடு கடத்தப்படும் அபாயமும் கூடவே இருக்கிறது.

மாநில அரசு கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. "அதை ஆன்லைனில் வாங்கிவிட்டால் போதும்" என்று ஒரு பேச்சு நம்மவர்களிடம் சுற்றுகிறது. பல வருடம் காத்திருந்து நகர்த்திய குடியேற்ற வரிசையை அந்தப் பேச்சை நம்பிப் பணயம் வைக்காதீர்கள். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பியதும் பின்னணிச் சோதனை நடக்கும். படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமாக இருந்தாலும் மத்தியச் சட்டம் அதை ஏற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது தனிக் குற்றம்.

"எங்க ஸ்டேட்ல பெர்மிட்டே வேண்டாமாமே?"

பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று அப்படித்தான். டெக்சஸ் 2021 செப்டம்பரிலும் ஃபுளோரிடா 2023 ஜூலையிலும் அந்த வழிக்கு வந்தன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பெர்மிட் இல்லாமல் எடுத்துச்செல்வது குற்றம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, "தனிப்பட்ட காரணம் காட்டு" என்று அங்கெல்லாம் கேட்பது நின்றது. பயிற்சி, விண்ணப்பம், காத்திருப்பு எல்லாம் நிற்கவில்லை.

கட்டாயம் இல்லாத மாநிலத்தில் இருந்தாலும் பெர்மிட் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பக்கத்து மாநிலத்துக்குப் போகும்போது உதவும். பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்திலேயே வாங்கிய பெர்மிட் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, பெர்மிட் இல்லாதவருக்குக் கிடையாது. நகரத்தில் வண்டி ஓட்டினால் எத்தனை பள்ளிகளைத் தாண்டுகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

"காம்பேக்ட், சப்-காம்பேக்ட், மைக்ரோ... இதெல்லாம் என்ன வித்தியாசம்?"

இவற்றுக்கு அதிகாரபூர்வமான எல்லைக்கோடு கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பெயர் வைக்கிறது. பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், சுமார் 4 அங்குலம் இருந்து, கையின் எல்லா விரல்களும் பிடிக்குள் அடங்கினால் காம்பேக்ட் என்பார்கள். 1988-இல் வந்த கிளாக் 19 இதற்கு நல்ல உதாரணம்: 15 தோட்டா கொள்ளும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), காலியாக ஏறத்தாழ 670 கிராம். பேரல் 3 அங்குலத்துக்கு அருகே வந்து, பிடியும் குட்டையானால் மைக்ரோ. 2018-இல் வந்த சிக் பி365 அந்த வகை: 3.1 அங்குல பேரல், 10 தோட்டா, சுமார் 500 கிராம். அது வருவதற்கு முன் அந்த அளவுத் துப்பாக்கியில் ஆறு, ஏழு தோட்டாதான் கிடைக்கும். அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் அதே பாதையில் இறங்கின. கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

மறைப்பதில் சிரமம் தருவது நீளம் என்று பலர் நினைக்கிறார்கள். பேரல் நீளம் பேண்டுக்குள் போய்விடும். சட்டையைத் தூக்கிக் காட்டுவது பிடியின் உயரமும் துப்பாக்கியின் தடிமனும்தான். கடையில் வைத்துப் பார்க்கும்போது அந்த இரண்டையும் கவனியுங்கள்.

"சின்னதா, லேசா இருக்கிறதே நல்லது இல்லையா அண்ணா? பாக்கெட்லயே போட்டுக்கலாமே?"

நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான, .380 என்ற ஆற்றல் குறைந்த தோட்டா போடும் ஒரு துப்பாக்கி வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. வீட்டில் அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது சரியான முடிவு எடுத்ததாகவே தோன்றியது. ரேஞ்சில் இருபது தோட்டாவுக்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்துவிட்டது. ஐம்பதை முடிக்காமல் பையைக் கட்டினேன். அடுத்த வாரம் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நாலு மாதம் கழித்துப் போனபோது ஏழு கெஜத்தில் வைத்த காகிதத் தட்டைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை.

காரணம் எளிமையானது. தோட்டா ஒரே வேகத்தில் முன்னே போகும்போது அதே அளவு தள்ளு பின்னாலும் வரும். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்தத் தள்ளை அது வாங்கிக்கொள்ளும், லேசாக இருந்தால் உங்கள் கை வாங்கும். குட்டைப் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமும் இல்லை. பேரல் குறுகியிருப்பதால் குறிபார்க்க உதவும் முன், பின் சைட்டுகளுக்கு நடுவே தூரம் குறைந்து, குறியில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். இந்தக் குட்டித் துப்பாக்கிகள் உண்மையில் நன்றாகப் பழகியவர்களுக்கானவை. ஆனால் கடைகளில் பெரும்பாலும் புதியவர்களுக்குத்தான், அதிலும் பெண்களுக்குத்தான், அவற்றை எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உங்கள் உடைக்குள் மறையக்கூடியவற்றில் பெரியதை எடுங்கள்.

"ரிவால்வர்தான் ஜாம் ஆகாது, புதுசா பழகுறவங்களுக்கு அதுதான் நல்லதுன்னு மாமா சொல்றார்."

மாமா சொல்வதில் பாதி சரி. ரிவால்வரில் ஸ்லைடு (பிஸ்டலில் பின்னுக்கு இழுத்துத் தோட்டா ஏற்றும் மேல்பாகம்) இல்லை, மேகசின் இல்லை, தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொரு முறை ட்ரிகரை அழுத்தினால் போதும். நிலைமையைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர்கள் இன்றும் விற்பதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் சொல்லாத பாதி இது. அதன் ட்ரிகரை அழுத்த 10 முதல் 12 பவுண்டு விசை வேண்டும். கிளாக் வகைப் பிஸ்டலில் அது 5 முதல் 6. கனமான ட்ரிகரை நீளமாக இழுக்கும்போது குறி நகராமல் இருக்க நிறையப் பழக வேண்டும். அலுமினியச் சட்டகம் கொண்ட லேசான ரிவால்வர் மேலே சொன்ன .380 போலவே கையைப் பதம்பார்க்கும். ஐந்து தோட்டா தீர்ந்ததும் திரும்ப நிரப்புவது மெதுவான வேலை. ஸ்லைடை இழுக்க முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு ரிவால்வர் ஒரு வழிதான், ஆனால் விரலில் அந்த ட்ரிகருக்கான பலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"எந்த காலிபர்? .45 தான் ஆளை நிறுத்தும்னு சொல்றாங்களே?"

காலிபர் என்றால் தோட்டாவின் குறுக்களவு. பெரும்பாலானவர்களுக்கு என் பதில் 9 எம்.எம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள். கொள்ளையரில் ஒருவரின் உடலில் ஆரம்பத்திலேயே பாய்ந்த 9 எம்.எம். தோட்டா இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்டது. அவர் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு எஃப்.பி.ஐ. தோட்டாக்களை முறையாகச் சோதிக்கத் தொடங்கியது, முதலில் 10 எம்.எம்.முக்கும் பிறகு 1990-இல் வந்த .40-க்கும் போனது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தோட்டாவின் வடிவமைப்பு நன்றாக முன்னேறியது. 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட்டது.

நல்ல தோட்டாக்களாக எடுத்துக்கொண்டால் 9 எம்.எம்., .40, .45 மூன்றும் உடலில் செய்யும் வேலையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 9-இல் உதை குறைவு, மேகசினில் அதிகம் கொள்ளும், தோட்டா மலிவு. மலிவாக இருந்தால் அதிகம் பழகுவீர்கள். .380 அதற்கு அடுத்த படி. ஆற்றல் குறைவு என்பதால் தோட்டா விரிந்தால் ஆழம் போதாமல் போகும், ஆழமாகப் போனால் விரியாது. கையின் பலம் காரணமாக 9 முடியாதவர்களுக்கு .380 சரியான தேர்வுதான். .22-ஐ நான் பழகுவதற்கு மட்டும் சொல்வேன். விளிம்பில் தீப்பிடிக்கும் தோட்டா என்பதால் வெடிக்காமல் போவது அதில் அதிகம்.

"எனக்குக் கை சின்னது. ஸ்லைடை இழுக்கவே முடியலக்கா, நான் எதை வாங்குறது?"

என் மனைவியிடம் வரும் கேள்வி இது. அவர் முதலில் சொல்லித்தருவது இழுக்கும் முறையை. வலது கையால் பிடித்து, இடது கையால் ஸ்லைடை இழுப்பதாக நினைக்கும்போது விரல் பலம் மட்டுமே வேலை செய்கிறது. துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, ஸ்லைடை முழு உள்ளங்கையால் மேலிருந்து பற்றி, அதை அசையாமல் வைத்துக்கொண்டு பிடியை முன்னே தள்ளுங்கள். தோள்பட்டையும் சேர்ந்து வேலை செய்யும். முனை பாதுகாப்பான திசையில் இருக்கிறதா, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கிறதா என்பதை மட்டும் மறக்கவே கூடாது. "முடியாது" என்றவர்களில் பாதிப் பேர் இதற்குப் பிறகு இழுத்துவிடுகிறார்கள்.

அப்படியும் முடியாவிட்டால் இதற்கென்றே மென்மையான ஸ்பிரிங்கோடு செய்தவை இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி 2018-இல் .380-இலும், 2020-இல் 9 எம்.எம்.மிலும் வந்தது. கணவர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரும் துப்பாக்கியை வாங்காதீர்கள், கூடப் போய் உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"எத்தனை தோட்டா இருந்தா போதும்?"

பத்து இருந்தால் எனக்கு நிம்மதி. அதற்கு மேல் கிடைத்தால் சரி, அதற்காகப் பெரிய துப்பாக்கிக்குப் போக வேண்டாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸில் மேகசினுக்கு 10-தான் எல்லை. கொலராடோவில் 15. இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15. டெக்சஸில் வாங்கிய 15 தோட்டா மேகசினோடு நியூஜெர்சிக்கு வீடு மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

"ஹாலோ பாயிண்ட்னா டம்டம் தோட்டா தானே? அது தடை செஞ்சது இல்லையா?"

பெயர்க் காரணத்திலிருந்தே சொல்கிறேன். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாத் தொழிற்சாலை இருந்தது. 1890-களில் அங்கே முனை விரியும் தோட்டா செய்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 1899-இல் ஹேகில் செய்த பிரகடனம் விரியும் தோட்டாவைத் தடை செய்தது உண்மை. அது நாடுகளுக்கு இடையேயான போருக்கானது. அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் சாதாரணமாகவே ஹாலோ பாயிண்ட்தான் வைத்திருக்கிறார்கள்.

முனையில் குழி இருப்பதால் உடலுக்குள் போனதும் அது காளான்போல் விரிந்து, வேகம் குறைந்து உள்ளேயே நிற்கப் பார்க்கும். முழுதும் செம்பு மூடிய சாதாரணத் தோட்டா விரியாமல் உடலைத் துளைத்து மறுபக்கம் போய், பின்னால் நிற்கும் வழிப்போக்கரைத் தாக்கலாம். சம்பந்தம் இல்லாதவருக்கு அடிபடக் கூடாது என்பதற்காகவே நான் ஹாலோ பாயிண்ட் வைக்கிறேன். அதற்காக அதைச் சுவர் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்குள்ள வீடுகளின் ஜிப்சம் அட்டைச் சுவரை எந்தத் தற்காப்புத் தோட்டாவும் தாண்டிப் போகும், அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்பது மனதில் இருக்க வேண்டும். நியூஜெர்சியில் ஹாலோ பாயிண்டுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் விதியைப் படித்த பிறகே வாங்குங்கள்.

"115, 124, 147ன்னு போட்டிருக்கே, அது என்ன? எந்த பிராண்ட் நல்லது?"

அது முன்னே பறக்கும் உலோகத்தின் எடை, கிரெய்ன் கணக்கில். 124 கிரெய்ன் ஏறத்தாழ 8 கிராம். 115 லேசானது, வேகமாகப் போகும். 147 கனமானது, மெதுவாகப் போகும், உதை தள்ளுவதுபோல் மென்மையாக இருக்கும். எஃப்.பி.ஐ. சோதனையில் 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள், கனத்த துணி, மரப்பலகை, கார்க் கண்ணாடி போன்ற தடைகளைத் தாண்டி, 12 முதல் 18 அங்குலம் வரை போய் நிற்க வேண்டும். 12-க்குக் குறைந்தால் ஆழம் போதாது, 18-ஐத் தாண்டினால் மறுபக்கம் வெளியேறும் கவலை.

ஃபெடரல் ஹெச்.எஸ்.டி., ஸ்பீர் கோல்ட் டாட், ஹார்னடி கிரிட்டிகல் டியூட்டி மூன்றும் பெயர் பெற்றவை. இதில் எது சிறந்தது என்று இரவு முழுக்க வீடியோ பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுவது எதுவோ அதுதான் சிறந்தது. குறுகிய பேரலுக்கு ஒரு கூடுதல் விஷயம். பேரல் ஓர் அங்குலம் குறைந்தால் தோட்டாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 25 முதல் 50 அடி குறையும், வேகம் குறைந்தால் சில தோட்டாக்கள் சரியாக விரியாது. அதற்காகவே குறுகிய பேரலுக்கென்று செய்த வகை உண்டு. 3 அங்குலத் துப்பாக்கி என்றால் அட்டைப்பெட்டியில் அதைத் தேடிப் பாருங்கள்.

"பிளஸ் பி போட்டா இன்னும் பவர் தானே?"

கொஞ்சம். பிளஸ் பி என்றால் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்துக்குச் செய்த தோட்டா. 9 எம்.எம்.முக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, பிளஸ் பிக்கு 38,500. வேகம் கூடும், கூடவே உதையும் ஓசையும் கூடும், குட்டித் துப்பாக்கியில் இரண்டாவது குறி தாமதமாகும். உங்கள் துப்பாக்கியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள், பழைய ரிவால்வர்களில் போடவே போடாதீர்கள்.

"பயிற்சிக்கும் அதே தோட்டாவா? விலை தாங்காதே!"

வேண்டாம். பயிற்சிக்குச் செம்பு மூடிய சாதாரணத் தோட்டா போதும், ஒன்று கால் டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். தற்காப்புத் தோட்டா அதைப் போல மூன்று, நான்கு மடங்கு. ஆனால் தேர்ந்தெடுத்த தற்காப்புத் தோட்டாவை ஒரு தடவையாவது உங்கள் துப்பாக்கியில் நிறையச் சுட்டுப் பார்க்க வேண்டும். 200 என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது முடியாதவர்கள் ஐம்பதாவது சுடுங்கள், நீங்கள் எடுத்துச்செல்லும் எல்லா மேகசினிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒரு முறை சிக்கினாலும் தோட்டாவை மாற்றுங்கள், மாற்றியும் சிக்கினால் துப்பாக்கியை மாற்றுங்கள். பயிற்சித் தோட்டாவின் எடையும் கேரி தோட்டாவின் எடையும் ஒன்றாக இருந்தால் கைக்கு ஒரே உணர்வு கிடைக்கும்.

"தினமும் ராத்திரி தோட்டாவை எடுத்துட்டு, காலைல திரும்பப் போடுறேன். சரிதானே?"

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறை) ஏற்றும்போது, ஒவ்வொரு முறையும் அதன் முனை அந்த அறையின் வாயிலில் உள்ள சரிவில் மோதுகிறது. மோத மோத, மேலே இருக்கும் உலோகம் பித்தளைக் கூட்டுக்குள் மெல்ல அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவே கூடாது. ரேஞ்சில் கேட்டால் அப்புறப்படுத்த வழி சொல்வார்கள்.

இரவில் துப்பாக்கியை உறையோடு அப்படியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது இதைவிட நல்ல வழி. ஏற்றுவதும் இறக்குவதும்தான் கை தவறிச் சுட்டுவிடும் நேரம். கேரி தோட்டாக்களை நான் வருடத்துக்கு ஒரு முறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுகிறேன்.

"சேம்பர்ல தோட்டா போட்டே வெச்சுக்கணுமா? பயமா இருக்கு."

பயம் நியாயமானது, அதைப் பழக்கத்தால் தீர்க்க வேண்டும். இன்றைய நல்ல பிஸ்டல்கள் ட்ரிகர் அழுத்தப்படாமல் சுடாதபடி உள்ளே தடைகள் கொண்டவை. அவசரத்தில் ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கலாம், ஸ்லைடை இழுக்க நேரமும் இரண்டு கையும் இருக்காது. அதனால் அனுபவசாலிகள் ஏற்றித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் முதல் நாளே அப்படிச் செய்ய வேண்டியதில்லை. காலிச் சேம்பரோடு இரண்டு, மூன்று வாரம் வீட்டுக்குள் அணிந்து நடமாடுங்கள். உட்காருங்கள், குனியுங்கள், ஷூ கட்டுங்கள். ட்ரிகர் ஒரு தடவையும் தானாக விழவில்லை என்று கண்ட பிறகு மனம் ஏற்கும். தனி சேஃப்டி பொத்தான் வேண்டும் என்றால் அப்படிப்பட்ட மாடல் வாங்கலாம், உருவும்போதெல்லாம் அதைத் தள்ளிப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

"ஹோல்ஸ்டருக்கு எதுக்கு அவ்வளவு காசு? ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாமே?"

உறை இல்லாமல் ஏற்றிய துப்பாக்கியை எங்கேயும் வைக்கக் கூடாது. சாவி, பேனா, சட்டைத் துணியின் மடிப்பு, எது ட்ரிகர் வளையத்துக்குள் போனாலும் சுட்டுவிடும். ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை, பெரும்பாலும் கைடெக்ஸ் பிளாஸ்டிக், உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் மூடிக்கொள்ளாத உறையாகப் பாருங்கள். கூடவே தடித்த பெல்ட் ஒன்று. திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே இல்லை, குனிந்து பார்த்து, துணி ஒதுக்கி, மெதுவாக வையுங்கள்.

ஹேண்ட்பேக் எனக்கு உவப்பில்லை. பையை எங்கேயாவது வைக்கிறோம், குழந்தை மிட்டாய் தேடிக் கையை விடுகிறது. பிடுங்குகிறவன் முதலில் பிடுங்குவதும் பையைத்தான். வேறு வழியே இல்லை என்றால், துப்பாக்கிக்கு மட்டுமான தனி அறையும் உள்ளே உறையும் கொண்ட பை வேண்டும், அது உடம்பை விட்டு இறங்கக் கூடாது.

"வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க. பீரோ மேல வெச்சா எட்டாது இல்ல?"

எட்டும். நாற்காலி போட்டு ஏறுவார்கள், நீங்கள் ஒளித்து வைப்பதைக் கதவிடுக்கில் பார்த்திருப்பார்கள். மேலே சொன்ன 5 பவுண்டு ட்ரிகரை ஒரு சின்னக் குழந்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திவிடும். துப்பாக்கி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். படுக்கை அருகே திருகி இறுக்கக்கூடிய, பொத்தான் எண்ணில் திறக்கும் சிறு பெட்டி போதும். காரில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள், கண்ணாடியை உடைக்க அரை நிமிடம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், வேலை போயிருந்தால், வளர்ந்த பிள்ளை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், துப்பாக்கியை அந்தக் காலத்துக்கு வீட்டை விட்டே அகற்றுங்கள். எங்கே, யாரிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம் என்று உள்ளூர்க் கடையிலோ காவல் நிலையத்திலோ கேளுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கூச்சம் வேண்டாம்.

"ரேஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

உள்ளரங்க ரேஞ்சில் காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே காது மூடியும் சேர்த்துப் போடுங்கள், 9 எம்.எம். ஓசை 160 டெசிபெல் அளவில் இருக்கும். புகையில் ஈயம் உண்டு, அதனால் முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். அந்த உடையோடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அந்தக் காலம் முடியும்வரை தவிர்ப்பதே நல்லது.

"லாங் வீக்எண்ட் ரோட் ட்ரிப்புக்கு எடுத்துட்டுப் போலாமா? ஊருக்குப் போறப்போ?"

காரில் போகும்போது நீங்கள் கடக்கும் எல்லா மாநிலத்தின் விதியும் உங்களைப் பிடிக்கும். டெக்சஸ் பெர்மிட்டை லூசியானா ஏற்கும், கலிஃபோர்னியாவோ நியூயார்க்கோ ஏற்காது. புறப்படும் முன் வழியில் உள்ள எல்லா மாநிலத்தையும் அந்தந்த அரசு இணையதளத்தில் பாருங்கள், மேகசின் அளவையும் மேலே சொன்னபடி சேர்த்துப் பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் தோட்டா இறக்கி, கெட்டியான பூட்டிய பெட்டியில், செக்-இன் லக்கேஜில், கவுண்டரில் அறிவித்துக் கொண்டுபோகலாம். தபால் நிலையத்துக்குள்ளும் மத்திய அரசுக் கட்டடங்களுக்குள்ளும் கூடாது.

இந்தியாவுக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ எடுத்துச்செல்லும் யோசனையே வேண்டாம். அதைவிட முக்கியம்: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பையின் மடிப்பில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் பயணிகள் மீது ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் ரேஞ்ச் பைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறோம், அது வீட்டை விட்டு ரேஞ்சைத் தவிர வேறு எங்கும் போகாது.

"போலீஸ் காரை நிறுத்தினா என்ன சொல்லணும்?"

மிச்சிகன் போன்ற மாநிலங்களில் கேட்காமலேயே உடனே சொல்லியாக வேண்டும், சில மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கே இருந்தாலும் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். "என்னிடம் பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று நிதானமாகச் சொல்லுங்கள். துப்பாக்கி என்ற சொல்லை முதல் சொல்லாக எடுக்காதீர்கள். எடுத்துக் காட்டவும் கை போகக் கூடாது.

"சுட வேண்டாம் சார், எடுத்துக் காட்டினாலே ஓடிருவான் இல்ல?"

அதிகம் பேருடைய மனதில் இருக்கும் எண்ணம் இது, எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். பார்க்கிங் சண்டையில் சட்டையைத் தூக்கிக் காட்டினால் நீங்கள்தான் குற்றவாளி. வானத்தைப் பார்த்து எச்சரிக்கைக்குச் சுடுவதும் அப்படியே, அந்தத் தோட்டா எங்கேயாவது இறங்கியே தீரும். உங்களுக்கோ பிறருக்கோ உடனடியாக உயிராபத்து அல்லது பெரும் காயம் வரும் நிலை என்று நியாயமான ஒருவர் நம்பும் கட்டத்துக்கு முன்னால் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக் கூடாது. சில மாநிலங்களில், விலகிப்போக வழி இருந்தால் விலகியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

கேரி செய்யத் தொடங்கிய பிறகு நான் வாக்குவாதத்தில் இறங்குவதை விட்டுவிட்டேன். குடித்தால் அணிவதில்லை, அணிந்தால் குடிப்பதில்லை. நுழைவாயிலில் தடைப் பலகை இருந்தால், டெக்சஸில் 30.06 என்று எண் போட்டிருக்கும், அங்கே எடுத்துப் போவதில்லை.

"எனக்கு கிரீன் கார்டு வந்துடுச்சு. மனைவிக்கு இன்னும் ஹெச்-1பிதான். வீட்டுல வெச்சா அவளுக்குப் பிரச்சினை வருமா?"

கேட்டவர் மிகக் கவனமான மனிதர். அவர் கவலை சரியானது. நீங்கள் வாங்குவதற்குத் தடை இல்லை. முதல் கேள்வியில் சொன்ன தடை உங்கள் மனைவிக்கு அப்படியே இருக்கிறது, கையில் தொடாவிட்டாலும் "எடுக்க முடியும், எடுக்கும் எண்ணமும் உண்டு" என்று தெரிந்தால் அதுவும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். ஆகவே பெட்டியின் எண்ணும் சாவியும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். தோட்டாவும் அதற்குள்ளேயே. அவர் ஓட்டும் காரில் விட்டுவைக்காதீர்கள், ரேஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சுடச் சொல்லாதீர்கள், அவர் பெயரில் தோட்டா வாங்கச் சொல்லாதீர்கள்.

துப்பாக்கி வீட்டுக்கு வருவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். மனைவிக்கும் கிரீன் கார்டு வரும்வரை காத்திருக்கலாம் என்று நண்பர் முடிவு செய்தார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.